பயறுச் செடியில் ஒரு மரபணுவைச் சோதிக்க எந்தச் சடுதிமாற்றத் தொகுப்பு?

மெண்டல் பட்டாணியில் கவனித்த ஏழு பண்புகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். விதை சுருங்குவதற்குக் காரணம், மாவுச்சத்தில் கிளைகளை உண்டாக்கும் நொதியின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று போய் உட்கார்ந்துகொண்டதுதான் என்று 1990-இல் கண்டுபிடித்தார்கள். செடி குட்டையாவதற்குக் காரணம், ஜிப்ரலின் ஹார்மோன் தயாரிப்பில் பங்குபெறும் நொதி ஒன்றின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியது. அது 1997-இல் தெரியவந்தது. முதலாவதில் மரபணு உடைந்தே போய்விட்டது. இரண்டாவதில் நொதி உருவாகிறது, ஆனால் மந்தமாக வேலை செய்கிறது. அதே மரபணுவில் இதைவிடக் கடுமையான இன்னொரு அல்லீலும் (மரபணுவின் மாறுபட்ட வடிவமும்) உண்டு. அதைச் சுமக்கும் பட்டாணி இன்னும் குட்டை.

இன்று அவரைக் குடும்பச் செடிகளுக்காக உலக ஆய்வகங்கள் வைத்திருக்கும் சடுதிமாற்றத் தொகுப்புகளில் இந்த இரண்டு வகை மாற்றங்களும் இருக்கின்றன. கூடவே டிஎன்ஏவில் ஒரு பகுதி அப்படியே அறுந்துபோகும் மூன்றாவது வகையும் உண்டு. இவற்றை ஆயிரக்கணக்கான செடிகளில் வேண்டுமென்றே உண்டாக்கி, விதையாகச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஒரு மரபணுவின் வேலை என்னவென்று தெரிய வேண்டுமா? அதைக் கெடுத்துவிட்டுச் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதைவிட நேரடியான வழி இன்னும் வரவில்லை. ஆனால் எந்தத் தொகுப்பிலிருந்து விதை வாங்குவது என்ற முடிவில் பலர் தடுமாறுகிறார்கள்.

"எதில் சீக்கிரம் கிடைக்கும்?" என்பதுதான் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. அதற்குப் பதிலாக, "இரண்டாவது அல்லீல் எங்கிருந்து வரும்?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. எந்தத் தொகுப்பிலிருந்து வந்த செடியிலும் நாம் தேடும் மாற்றம் மட்டும் இருப்பதில்லை. நாம் கேட்காத வேறு பல மாற்றங்களும் கூடவே வருகின்றன. வேர் முடிச்சு (காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத்தரும் பாக்டீரியா தங்கும் வேர்ப் புடைப்பு) வரவில்லை என்றால் அதற்கு நம் மரபணுதான் காரணமா, பக்கத்தில் ஒளிந்திருக்கும் வேறொன்றா என்று ஒரே ஒரு லைனை, அதாவது ஒரே செடியின் விதைவழி வந்த குடும்பத்தை, வைத்துச் சொல்ல முடியாது. தனித்தனியாகத் தோன்றிய இரண்டு அல்லீல்கள் ஒரே பாதிப்பைக் காட்டினால் நம்பலாம். அல்லது நல்ல மரபணுவைத் திரும்பச் செலுத்திப் பாதிப்பு சரியாகிறதா என்று பார்க்கலாம். இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நல்ல மதிப்பாய்வாளர் யாரும் விடமாட்டார். அதனால் எல்லாவற்றையும் அந்தக் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே என் வழி.

முதலில் செடி

தொகுப்பைப் பற்றிப் பேசும் முன்பே செடி முடிவாகிவிட வேண்டும். மாதிரிச் செடிகளாகப் புழங்குபவை இரண்டு: லோட்டஸ் ஜப்பானிகஸ், மெடிகாகோ டிரங்கட்டுலா. இரண்டின் ஜீனோமும், அதாவது மொத்த டிஎன்ஏவும், ஏறக்குறைய 50 கோடி எழுத்துகள். சோயாவுக்கு அது சுமார் 110 கோடி, பட்டாணிக்கு 440 கோடி. லோட்டஸ், மெடிகாகோ இரண்டும் தன்மகரந்தச் சேர்க்கை செய்பவை, இரட்டைமயமானவை (ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி), சிறியவை.

ஆனால் வேர் முடிச்சில் இவை ஒன்றல்ல. லோட்டஸில் முடிச்சு உருண்டையாக வந்து, ஒரு கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். சோயாவிலும் பீன்ஸிலும் அப்படித்தான். மெடிகாகோவில் முடிச்சின் நுனியில் வளர்திசு தொடர்ந்து இருப்பதால் அது நீண்டுகொண்டே போகும். பட்டாணியும் இந்த வகைதான். இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. மெடிகாகோ தன் முடிச்சுக்குள் வரும் ரைசோபியம் பாக்டீரியாவை என்சிஆர் எனப்படும் சிறு பெப்டைடுகளால் மாற்றியமைத்து, இனி பெருக முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அந்தச் செடியில் இப்படி சுமார் 700 பெப்டைடு மரபணுக்கள் இருக்கின்றன. லோட்டஸில் இந்த ஏற்பாடே இல்லை. ஆகவே பாக்டீரியாவின் இந்தக் கடைசி மாற்றத்தைப் படிக்க வந்தவருக்கு, லோட்டஸின் தொகுப்பு எவ்வளவு அருமையாக இருந்தாலும் பயனில்லை. மாறாக, செடி பாக்டீரியாவை அடையாளம் காணும் ஆரம்பக் கட்டங்கள் இரண்டுக்கும் பொதுவானவை. அங்கே எந்தச் செடியில் அல்லீல் எளிதாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

செருகல் தொகுப்புகள்: லோர்1, டிஎன்டி1

கையில் ஒரு மரபணுவின் பெயரும் வரிசையும் இருக்கிறது, அது கெட்டுப்போன செடி வேண்டும். இந்த நிலையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை செருகல் தொகுப்புகள்தான். தாவும் டிஎன்ஏ ஒன்று மரபணுவின் நடுவே போய் விழுந்தால் பெரும்பாலும் அது முழுதாகச் செயலிழக்கும். தாவிய துண்டின் வரிசை நமக்குத் தெரியும் என்பதால், விழுந்த இடத்தையும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். இந்த உத்தி பயறுச் செடிகளில் பலன் தரும் என்று காட்டியது நின் மரபணு. மக்காச்சோளத்தின் தாவும் மரபணுவை லோட்டஸுக்குள் விட்டதில் முடிச்சே வராத செடி ஒன்று கிடைத்தது. அதில் கெட்டிருந்தது எது என்று பார்த்தபோது நின் அகப்பட்டது, 1999-இல் வெளியானது. முடிச்சு உருவாக்கத்தின் மையச் சாவி அது என்பதை அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்தன.

லோட்டஸில் இன்று இருப்பது லோர்1 தொகுப்பு. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகக் குழு 2016-இல் இதன் முழு வடிவத்தை வெளியிட்டது: 1,34,682 லைன்கள், 6,40,653 செருகல்கள். அதாவது ஒரு லைனுக்குச் சராசரியாக ஐந்துக்கும் குறைவு. லோர்1 வெளியிலிருந்து புகுத்தியது அல்ல. லோட்டஸின் ஜீனோமிலேயே தூங்கிக்கொண்டிருந்த ரெட்ரோடிரான்ஸ்போசான், அதாவது தன்னைப் பிரதியெடுத்து வேறு இடத்தில் செருகிக்கொள்ளும் தாவும் டிஎன்ஏ. திசு வளர்ப்பில் அது விழித்துக்கொள்கிறது. அப்புறம் இனப்பெருக்க செல்களில் தாவுகிறது. அதனால் விழித்த சில செடிகளிடமிருந்து சாதாரணமாக விதை எடுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு விதையிலும் புதுப்புது செருகல்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லைன்களைச் சேர்க்க முடிந்ததன் ரகசியம் இதுதான். மரபணு மாற்றுப் பயிர் என்ற வகைக்குள் இந்தச் செடிகள் வராததால் அனுமதிச் சிக்கல்களும் குறைவு. தாவும் துண்டு, செயல்படும் மரபணுக்களை விரும்பிப் போய் விழுகிறது என்பது இன்னொரு வரம்.

மெடிகாகோவின் டிஎன்டி1 கதை வேறு. டிஎன்டி1 புகையிலையின் ரெட்ரோடிரான்ஸ்போசான். அதை மெடிகாகோவின் ஆர்108 வகைக்குள் செலுத்தினார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ஆர்ட்மோரில் இருந்த நோபிள் ஆய்வு நிறுவனத்தில்தான் பெரிய தொகுப்பு உருவானது. 21,000-க்கும் மேற்பட்ட லைன்கள். இது திசு வளர்ப்பின்போது மட்டும் தாவும், விதைத் தலைமுறைகளில் அசையாமல் இருக்கும். ஒவ்வொரு லைனிலும் சராசரியாக 25 செருகல்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஐந்து, இருபத்தைந்து. குறைந்த லைன்களை வளர்த்து நிறைய மரபணுக்களைக் கெடுக்க வேண்டுமானால் இருபத்தைந்து நல்லது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் மேல் பழியைத் தீர்மானமாகப் போட வேண்டுமானால் ஐந்து நல்லது. டிஎன்டி1 லைனை ஆர்108-உடன் ஒருமுறை பிற்கலப்பு செய்தால், அதாவது செருகல் இல்லாத மூல வகையோடு திரும்பக் கலந்தால், தொடர்பில்லாத செருகல்கள் சராசரியாகப் பாதியாகும். மூன்று முறை செய்தால் 25 சுமார் மூன்றாகும். ஒவ்வொரு கலப்பும் ஒரு தலைமுறைக் காலத்தை விழுங்கும். இந்தக் காலத்தைத் திட்டத்தில் சேர்க்காமல் விதை வாங்குபவர்கள், கடைசியில் பிற்கலப்பு செய்யாத செடியின் படத்தைக் கட்டுரையில் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

பண்பிலிருந்து தொடங்கி மரபணுவை நோக்கிப் போகிறவர்களுக்கு டிஎன்டி1 தொகுப்பின் பலமும் பலவீனமும் 2012-இல் வெளியான, லைன்களைச் சலித்துத் தேடிய ஒரு பெரிய ஆய்வில் தெளிவாகத் தெரிகிறது. 9,300 லைன்களை வளர்த்து முடிச்சையும் நைட்ரஜன் நிலைநிறுத்தத்தையும் பார்த்தார்கள். 317 லைன்களில் ஏதோ கோளாறு இருப்பதாகப் பட்டது. அவற்றில் 230-ஐ மறுபடி சோதித்ததில் 156 உறுதியாயின. அவற்றின் செருகல் இடங்களைப் படித்தபோது, ஏற்கெனவே தெரிந்த முடிச்சு மரபணுக்களின் 14 அல்லீல்கள் தட்டுப்பட்டன. இப்படிச் சலித்துத் தேடுவது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் மற்றவற்றில் எது காரணம் என்பதை ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியிருந்தது. திசு வளர்ப்பு டிஎன்டி1-ஐ மட்டும் கிளப்பிவிடுவதில்லை என்பதும் இதில் ஒரு சிக்கல். மெடிகாகோவின் சொந்த ரெட்ரோடிரான்ஸ்போசானான மெரே1-உம் அப்போது தாவுகிறது. முடிச்சுக்குத் தேவையான மரபணு ஒன்றில் அது போய் விழுந்திருந்ததை வைத்துத்தான் அதையே கண்டுபிடித்தார்கள். டிஎன்டி1-இன் முகவரிப் பட்டியலை மட்டும் நம்பித் தேடினால் இப்படிப்பட்ட குற்றவாளி சிக்கவே மாட்டான்.

மெடிகாகோவில் இன்னொரு சின்னப் பொறி. முதலில் வரிசைப்படுத்தப்பட்டு, 2011-இல் வெளியான ஜீனோம் ஏ17 வகையுடையது. தொகுப்போ ஆர்108-இல் இருக்கிறது. ஏ17-இல் நான்காம், எட்டாம் குரோமோசோம்களுக்கிடையே துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன. எழுத்து வேறுபாடுகளும் ஏராளம். ஏ17 வரிசையைப் பார்த்து வடிவமைத்த பிரைமர் (தேடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ துண்டு) ஆர்108-இல் வேலை செய்யாமல் போகலாம். பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் சோதனையில்) பட்டை வரவில்லை என்பதை "செருகல் இருக்கிறது" என்று புரிந்துகொள்வது ஆபத்து. இப்போது ஆர்108-க்கே நல்ல ஜீனோம் வரிசை இருக்கிறது. பிரைமரை அதிலிருந்து எடுப்பதுதான் சரி.

அறுந்துபோன துண்டுகள்

செருகலுக்கு ஒரு எல்லை உண்டு: சின்ன மரபணு சிக்குவது கடினம். நீண்ட மரபணுவில் ஏதாவது ஒரு லைனில் ஏதாவது ஒரு செருகல் விழும். சில நூறு எழுத்துகளே உள்ள என்சிஆர் மரபணு போன்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. அதோடு, ஒரே மாதிரியான மரபணுக்கள் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இருந்தால், ஒன்றைக் கெடுத்தாலும் அடுத்தது அதன் வேலையைச் செய்துவிடும்.

இங்கேதான் வேக நியூட்ரான் தொகுப்புகள் கைகொடுக்கின்றன. விதைகளை நியூட்ரான் கதிரில் வைத்தால் டிஎன்ஏவில் சிறிதும் பெரிதுமாகத் துண்டுகள் அறுந்துவிடுகின்றன. மெடிகாகோவில் என்சிஆர்169 என்ற ஒற்றைப் பெப்டைடு இல்லாவிட்டால் நைட்ரஜன் நிலைநிறுத்தமே நடக்காது என்று 2015-இல் காட்டியபோது, அதற்கு அடிப்படையாக இருந்தது இப்படி அறுந்த பகுதியுள்ள சடுதிமாற்றச் செடிதான். எழுநூறு பெப்டைடுகள் இருக்கும் குடும்பத்தில் ஒன்று போனாலே செடி பட்டினி கிடக்கும் என்று முன்கூட்டி யார் ஊகித்திருப்பார்கள்? பண்பிலிருந்து தொடங்கும் தேடலின் மதிப்பை எனக்கு உணர்த்தும் உதாரணங்களில் இதுதான் முதன்மையானது. சோயாவிலும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இத்தகைய பெரிய தொகுப்பு உருவாக்கப்பட்டிருக்கிறது.

குறை என்னவென்றால், அறுந்த துண்டோடு பல மரபணுக்கள் சேர்ந்தே போயிருக்கலாம். எனவே இங்கே இரண்டாவது அல்லீலைக் காட்டிலும், மரபணுவைத் திரும்பச் செலுத்திக் காட்டும் சோதனையே நம்பகமானது. அந்தச் சோதனைக்கு வழியில்லாத செடியில் நியூட்ரான் லைனை முதல் தேர்வாக எடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓர் எழுத்து மாற்றங்கள்

ஈத்தைல் மீத்தேன் சல்ஃபோனேட், சுருக்கமாக இஎம்எஸ், விதைகளை நனைத்தால் போதும். பெரும்பாலும் ஜி இருந்த இடத்தில் ஏ வரும். அந்தத் தொகுப்பில் நம் மரபணு மாறிய செடியைத் தேடி எடுக்கும் முறைதான் டில்லிங். திசு வளர்ப்பு வேண்டாம், மரபணு மாற்றம் வேண்டாம், எந்தப் பயிரிலும் செய்யலாம். திசு வளர்ப்பே கடினமான பட்டாணியில் இதன் அருமை தெரியும். காமெயோர் என்ற இரகத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கட்டிய தொகுப்பு அங்கே பெரிய துணை.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. சோயாவில் 2008-இல் வெளியான டில்லிங் ஆய்வில், தொகுப்பைப் பொறுத்து 1,40,000 எழுத்துக்கு ஒன்று முதல் 5,50,000 எழுத்துக்கு ஒன்று வரை மாற்றங்கள் இருந்தன. 110 கோடி எழுத்துகளுக்குக் கணக்குப் போட்டால் ஒரே செடியில் சுமார் 2,000 முதல் 8,000 மாற்றங்கள். லோர்1-இன் ஐந்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு மேல், கிடைக்கும் மாற்றங்களில் எல்லாமே மரபணுவைக் கெடுப்பதில்லை. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் செய்த டில்லிங்கில் சுமார் 5 சதவீதம்தான் புரதத்தைப் பாதியில் நிறுத்துபவை. ஏறத்தாழ பாதி, ஓர் அமினோ அமிலத்தை மாற்றுபவை. மீதி எந்த மாற்றமும் தராதவை.

ஆனால் அந்த நடுப்பகுதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முழுதாகக் கெடுத்தால் செடியே செத்துப்போகும் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றின் வேலையை அறிய மந்தமான அல்லீல்தான் வேண்டும். அது செருகல் தொகுப்பில் அபூர்வம். புரதத்தின் எந்த மூலை எதற்குத் தேவை என்று அறியவும் இதுவே வழி. பண்பிலிருந்து தொடங்குபவர்களுக்கும் இஎம்எஸ் பழைய துணைவன். இயல்பைவிடப் பல மடங்கு முடிச்சுகள் போடும் சோயா செடி 1985-இல் இப்படித்தான் கிடைத்தது. அதற்குக் காரணமான மரபணுவைப் பிடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின, 2003-இல்தான் வெளியானது. இன்றைக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. கலப்பில் பிறந்த செடிகளில் பாதிப்பு உள்ளவற்றின் டிஎன்ஏவை ஒன்றாகச் சேர்த்து மொத்தமாக வரிசைப்படுத்தினால் காரணமான பகுதி வெளியே வந்துவிடும்.

சோயாவின் உண்மையான தலைவலி இரட்டிப்பு. அதன் ஜீனோம் சுமார் 5.9 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் இருமுறை இரட்டிப்பானது. மரபணுக்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உண்டு. எண்ணெயில் ஓலிக் அமிலத்தைத் தீர்மானிக்கும் இரண்டு இணை மரபணுக்களில் ஒன்றை மட்டும் கெடுத்தால் அளவு ஓரளவே கூடியது. இரண்டிலும் மாற்றமுள்ள லைன்களை 2010-இல் கலந்தபோது, சாதாரணமாக 20 சதவீதம் அளவில் இருப்பது 80-ஐ எட்டியது. சோயாவில் ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்து "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுகட்டுவதற்கு முன் அதன் இணை எங்கே என்று தேடியே ஆக வேண்டும்.

கிரிஸ்பர் இருக்கும்போது தொகுப்பு எதற்கு?

நியாயமான கேள்வி. நாம் குறிக்கும் இடத்திலேயே டிஎன்ஏவை வெட்டி மரபணுவைத் திருத்தும் கருவிதான் கிரிஸ்பர். மரபணுக் குடும்பம், சின்ன மரபணு, பக்கத்துப் பக்கத்துப் பிரதிகள் என்றால் கிரிஸ்பருக்கு இணை இல்லை. லோட்டஸின் முடிச்சைச் சிவப்பாக்கும் மூன்று லெக்ஹீமோகுளோபின் மரபணுக்களையும் கிரிஸ்பரால் கெடுத்து, அவை ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று 2019-இல் காட்டினார்கள். தொகுப்பிலிருந்து மூன்று லைன்களைக் கலந்து அந்த இடத்துக்கு வருவது நீண்ட பயணம். இரண்டாவது அல்லீல் பற்றிய என் கேள்விக்கும் கிரிஸ்பர் தாராளமாகப் பதில் சொல்கிறது: ஒரே முயற்சியில் பல அல்லீல்கள்.

தடை, செடியை மறுபடி முழுதாக வளர்த்தெடுப்பது. பட்டாணி, கொண்டைக்கடலை, பீன்ஸ் ஆகியவற்றில் திசுவிலிருந்து முழுச் செடியை எடுப்பது இன்றும் கைப்பழக்கம் கோரும் வேலை. அதனால் பலர் வேரை மட்டும் மாற்றும் வழியைப் பிடிக்கிறார்கள்: அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவைக் கொண்டு, சாதாரணத் தண்டில் திருத்தப்பட்ட வேர்களை முளைக்கவைப்பது. முடிச்சு தொடர்பான கேள்விக்குச் சில வாரங்களில் விடை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வேரும் தனி நிகழ்வு. ஒன்றில் மரபணு முழுதாகக் கெட்டிருக்கும், இன்னொன்றில் பாதி. விதை கிடையாது, அடுத்த தலைமுறை கிடையாது. முதல் சோதனைக்கு அது போதும். அதை மட்டுமே வைத்து ஒரு மரபணுவின் வேலையை நிர்ணயிப்பது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

சரி, முடிவு எடுப்போம். முடிச்சின் ஆரம்பக் கட்டங்களைப் படிப்பவர், மரபணு கையில் இருக்கிறது என்றால், முதலில் லோர்1 தரவுத்தளத்தைப் பார்க்கட்டும். எக்ஸானுக்குள் (மரபணுவில் புரதத்துக்கான செய்தி இருக்கும் பகுதிக்குள்) விழுந்த இரண்டு தனித்தனிச் செருகல்கள் கிடைத்தால் வேறெங்கும் போக வேண்டாம். ஒன்றுதான் கிடைத்தது என்றால் அந்த லைனோடு கிரிஸ்பர் அல்லீல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மெடிகாகோவில் டிஎன்டி1-க்கும் அதே விதிதான், பிற்கலப்புக் காலத்தைக் கூட்டிக்கொண்டு. இன்ட்ரானில் (ஆர்என்ஏவிலிருந்து செல் வெட்டி நீக்கும் இடைப்பகுதியில்) விழுந்த செருகலை எடுத்தால் ஆர்என்ஏ உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். செல் அதை வெட்டி எறிந்துவிட்டு நல்ல புரதத்தையே தயாரித்துக்கொண்டிருக்கலாம். பயிரிலேயே விடை வேண்டும் என்பவருக்கு டில்லிங். சோயாவாக இருந்தால் இணை மரபணுவுக்கும் சேர்த்து. எந்த மரபணு என்றே தெரியாமல் ஒரு பண்பைத் துரத்துபவருக்கு இஎம்எஸ் அல்லது நியூட்ரான் தொகுப்பு, கூடவே மொத்த வரிசைப்படுத்தல். இன்றைய நிலையில் பண்புத் தேடலுக்கு டிஎன்டி1-ஐவிட இஎம்எஸ்ஸையே நான் முன்னால் வைப்பேன், ஏனென்றால் முகவரி தெரியும் செருகல் என்ற டிஎன்டி1-இன் பழைய அனுகூலத்தை மலிவான வரிசைப்படுத்தல் பெருமளவு கரைத்துவிட்டது.

விதை வந்த பிறகு இரண்டு விஷயங்கள். தாய்ச்செடியில் செருகல் ஒரு பிரதியில் மட்டும் இருந்தால், பிள்ளைகளில் நான்கில் ஒன்று இரு பிரதியிலும் செருகலோடு பிறக்க வேண்டும். இருபது நாற்றுகளைச் சோதித்தும் அப்படி ஒன்றுகூட வரவில்லை என்பது தற்செயலாக நிகழும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். அப்படி நேர்ந்தால் பிரைமரைச் சந்தேகியுங்கள். பிரைமர் சரியென்றால், அந்த மரபணு இல்லாமல் கருவோ மகரந்தமோ பிழைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மந்தமான அல்லீலைத் தேடுங்கள். அப்புறம், ஒப்பிடுவதற்கு அலமாரியில் இருக்கும் பழைய காட்டுவகை (சடுதிமாற்றம் செய்யாத இயல்பு வகை) விதையை எடுக்காதீர்கள். அதே தாய்ச்செடியின் பிள்ளைகளில் செருகல் இல்லாமல் பிறந்ததையே எடுங்கள். மற்ற செருகல்கள் இரண்டு பக்கமும் கலந்து இருப்பதால், நம் மரபணுவின் பங்கு மட்டும் தனியே தெரியும்.